நொபேலியஸ் முதல் நோபல் வரை: ஒரு ஸ்வீடன் குடும்பப்பெயரின் நிகழ்வு ஆய்வு

அக்டோபர் மாதம் பிறந்ததும் தமிழ் நாளிதழ்களின் முதல் பக்கத்துக்கு வந்துவிடும் ‘நோபல்’ என்ற பெயரை, ஆங்கிலத்தில் உயர்குடிப் பிறப்பையும் உயர்ந்த குணத்தையும் குறிக்கும் சொல்லோடு சேர்த்துப் பொருள் கொள்வோர் இன்றும் உண்டு. இரண்டுக்கும் உறவில்லை. ஸ்வீடனின் தென்கோடியில் உள்ள ஒரு சிற்றூரின் பெயர், ஒரு மாணவனின் கையில் லத்தீன் விகுதி பெற்று, அவனுடைய பேரனின் கையில் அந்த விகுதியை இழந்து, அதன்பின் ரஷ்யத் தலைநகரின் இயந்திர ஆலைகளிலும் வெடிமருந்துப் பெட்டிகளிலும் பொறிக்கப்பட்டு, இறுதியில் ஒரு பரிசின் பெயராக நிலைபெற்றது. இந்த மாற்றங்கள் நிகழ எடுத்துக்கொண்ட காலம் ஏறக்குறைய 220 ஆண்டுகள்.

ஸ்காண்டிநேவியக் குடும்பப்பெயர்களைப் பற்றி எழுதுவோர் அவற்றை வம்சத்தின் சொத்தாகவே கருதி, இரத்த உறவின் வழியிலேயே விளக்க முற்படுகிறார்கள். நோபல் என்ற பெயரைப் பின்தொடர்ந்து சென்றால் அந்த அணுகுமுறை போதவில்லை என்பது விரைவில் புலப்படும். இந்தப் பெயர் மாறிய ஒவ்வொரு கட்டத்திலும் குடும்பத்தின் விருப்பத்தைவிட, அக்குடும்பத்தவர் நுழைந்த பல்கலைக்கழகம், படை, வணிகம், அரசுச் சட்டம் ஆகியவற்றின் வழக்கமே அதிகம் செல்வாக்குச் செலுத்தியிருக்கிறது. கீழே விவரிக்கப்படும் செய்திகள் இந்தக் கருத்தை முன்வைத்தே வரிசைப்படுத்தப்பட்டுள்ளன.

குடும்பப்பெயர் இல்லாத சமூகம்

பதினேழாம் நூற்றாண்டில் ஸ்வீடன், டென்மார்க், நார்வே ஆகிய நாடுகளின் உழவர் குடும்பங்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப்பெயர் கிடையாது. ஒருவருக்கு ஞானஸ்நானத்தின்போது இடப்பட்ட பெயரும், அதனுடன் தந்தையின் பெயரும் மட்டுமே இருந்தன. ஆண்டர்ஸ் என்பவரின் மகன் ஆண்டர்சன் ஆவார். அவருக்கு நில்ஸ் என்று பெயரிருந்தால் அவருடைய மகன் நில்சன் ஆவார். மகள் நில்ஸ்டோட்டர் ஆவார். திருமணமான பின்னும் பெண்கள் கணவரின் பெயரை ஏற்பதில்லை. தந்தையின் மகள் என்ற அடையாளத்தோடு இறுதிவரை வாழ்ந்தார்கள். இன்று ஸ்வீடனில் மிகப் பரவலாக உள்ள ஆண்டர்சன், யோஹான்சன் போன்ற பெயர்கள் குடும்பப்பெயர்களாக உறைந்தது பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். ஐஸ்லாந்தில் மட்டும் பழைய முறை இன்றுவரை உயிரோடு இருக்கிறது. அங்கே புதிய குடும்பப்பெயர்களை ஏற்பதை 1925ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது. டென்மார்க்கில் 1828ஆம் ஆண்டு அரசாணை, குழந்தைக்கு நிலையான குடும்பப்பெயர் இடவேண்டும் என்று பணித்ததன் விளைவாக யென்சன், நீல்சன், ஹான்சன் என்ற பெயர்கள் அப்போது யாருக்கு எது இருந்ததோ அப்படியே நின்றுவிட்டன. நார்வேயில் அந்தக் கட்டாயம் 1923இல்தான் வந்தது. அங்கே பண்ணையின் பெயரைக் குடும்பப்பெயராக்கிக்கொண்டோர் ஏராளம்.

இந்தப் பொது நிலைக்கு விலக்காக மூன்று வட்டாரங்கள் இருந்தன: பிரபுக்கள், நகர வணிகர்கள், கல்வி கற்றுப் பாதிரியாராகவோ அலுவலராகவோ ஆனவர்கள். மூன்றாம் வட்டாரத்தினரே நமது ஆய்வுக்கு முக்கியமானவர்கள். உழவர் மகன் ஒருவன் பல்கலைக்கழகத்தில் சேரும்போது தன் சொந்த ஊர், பண்ணை, ஆறு, மரம் ஆகிய ஏதேனும் ஒன்றின் பெயரை எடுத்து, அதற்கு லத்தீன் அல்லது கிரேக்க விகுதி சேர்த்துத் தனக்கெனப் புதுப்பெயர் அமைத்துக்கொள்வான். தாவரவியலாளர் கார்ல் லின்னேயஸின் தந்தை நில்ஸ் இங்கெமார்சன், குடும்பத்தின் பண்ணையில் நின்ற ஒரு லிண்டன் மரத்தின் பெயரிலிருந்து லின்னேயஸ் என்ற பெயரை ஆக்கிக்கொண்டார். அதே மரத்தை வைத்து அவருடைய உறவினர்களில் ஒரு கிளை திலியாண்டர் என்றும் மற்றொரு கிளை லிண்டெலியஸ் என்றும் பெயர் சூடிக்கொண்டன. ஒரே மரத்தடியிலிருந்து மூன்று குடும்பப்பெயர்கள் பிறந்திருக்க, பெயரை மட்டும் வைத்து இவர்கள் உறவினர்கள் என்று ஒருவர் ஒருபோதும் ஊகித்திருக்க முடியாது. வெப்பநிலை அளவீட்டால் நாம் அறிந்த செல்சியஸ் என்ற பெயரும் இவ்வாறே, மேடு என்று பொருள்படும் ஒரு பாதிரியார் இல்லத்தின் பெயரை லத்தீனில் மாற்றியதால் வந்தது.

ஊர்: கிழக்கு நொப்பெலொவ்

நோபல் குடும்பத்தின் அறியப்பட்ட முதல் மூதாதை பெட்ருஸ் ஓலாய் நொபேலியஸ். அவர் 1655இல் ஸ்கோன் மாகாணத்தின் தென்கிழக்கில் உள்ள கிழக்கு நொப்பெலொவ் என்ற ஊர்ப்பகுதியில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். ஸ்கோன் மாகாணத்தில் நொப்பெலொவ் என்ற பெயரில் பல ஊர்கள் இருப்பதால்தான் கிழக்கு, மேற்கு, வடக்கு என்ற அடைமொழிகள் தேவைப்படுகின்றன. ஒரே பெயர் இத்தனை இடங்களில் காணப்படுவதே அப்பெயரின் பொருளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அந்தப் பெயரின் முற்பகுதி புதுமையையும் பிற்பகுதி குடியிருப்பையும் குறிக்கும் பழைய டேனியச் சொற்களால் ஆனது. காட்டைத் திருத்தியோ தரிசை உழுதோ புதிதாகக் குடியேறிய இடங்களுக்கெல்லாம் இந்தப் பெயர் இடப்பட்டது. ஸ்மோலாந்து மாகாணத்தில் நொப்பெலெ என்றும், டென்மார்க்கின் தென் யூட்லாந்தில் நூபோல் என்றும் இதே பெயர் வெவ்வேறு உருவங்களில் வழங்குகிறது.

ஸ்கோனில் மட்டும் இந்தப் பெயர் ‘லொவ்’ என்ற முடிவைப் பெற்றது ஏன் என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அந்த மாகாணத்திலும் டென்மார்க்கிலும் ‘லொவ்’ அல்லது ‘லெவ்’ என்று முடியும் மிகப் பழைய ஊர்ப்பெயர்கள் பல உள்ளன. எஸ்லொவ், ஹெர்லெவ் போன்றவை எடுத்துக்காட்டுகள். அந்த முடிவுக்கு ஒருவர் விட்டுச் சென்ற உடைமை, வழிவழியாக வந்த நிலம் என்பது பொருள். சுற்றிலும் இத்தகைய பெயர்கள் நிறைந்திருந்ததால், அதனோடு தொடர்பே இல்லாத ‘புதுக்குடியிருப்பு’ என்ற பெயரும் மக்கள் வாய்வழக்கில் அதே முடிவுக்கு இழுக்கப்பட்டது. இதன் பயனாக, புதிதாக வந்தவர்களின் ஊர் என்று சொல்லும் பெயர் வழிவழி உடைமையின் சாயலைப் பூசிக்கொண்டு நிற்கிறது. ஊர்ப்பெயர் ஆய்வில் கண்ணுக்குத் தெரியும் வடிவத்தை நம்பினால் எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பெட்ருஸ் பிறந்த ஆண்டில் ஸ்கோன் ஸ்வீடனுக்குச் சொந்தமாக இருக்கவில்லை. அது டென்மார்க்கின் நிலப்பகுதி. 1658இல் கையெழுத்தான ரோஸ்கில்டே உடன்படிக்கையின் வழியாகவே அது ஸ்வீடனின் கைக்கு மாறியது. ஆகவே, உலகம் ஸ்வீடனின் பெயராகவே அறிந்திருக்கும் இந்தக் குடும்பப்பெயரைத் தொடங்கிவைத்தவர், டேனிய மன்னரின் குடிமகனாகப் பிறந்தவர். தேசியப் பெருமிதத்தோடு ‘ஸ்வீடன் பெயர்’, ‘டேனியப் பெயர்’ என்று வகை பிரித்துப் பட்டியலிடும் நூல்கள் இந்த மாதிரியான எல்லை மாற்றங்களைக் கண்டுகொள்வதே இல்லை.

உப்சாலா, 1682

ஸ்கோனை ஸ்வீடனோடு இறுகப் பிணைக்கும் நோக்கத்தோடு லுண்ட் நகரில் 1666இல் ஒரு பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. ஆனால் 1676இல் டேனியப் படை ஸ்கோனை மீட்க வந்தபோது தொடங்கிய போர் 1679 வரை நீண்டது. பல்கலைக்கழகம் மூடப்பட்டு, 1682இல்தான் மறுபடியும் திறக்கப்பட்டது. பெட்ருஸ் அதே 1682இல் வடக்கே வெகுதொலைவில் உள்ள உப்சாலா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 27. இன்றைய கணக்கில் மட்டுமல்ல, அன்றைய கணக்கிலும் அது தாமதமான தொடக்கம்தான்.

பல்கலைக்கழகத்தின் மொழி லத்தீன் என்பதால் பதிவேடும் லத்தீனில் இருந்தது. அதில் இடம்பெற்ற ‘பெட்ருஸ் ஓலாய் நொபேலியஸ்’ என்ற பெயரை மூன்று துண்டுகளாகப் பிரித்துப் படித்தால் ஒரு சமூக மாற்றத்தின் மூன்று படிகளும் ஒரே வரியில் கிடைக்கின்றன. பெட்ருஸ் என்பது அவருக்கு இடப்பட்ட பெயரின் லத்தீன் வடிவம். ஓலாய் என்பது வேற்றுமை உருபு ஏற்ற சொல். ‘ஓலோஃபின்’ என்று பொருள்படும். அதாவது, தந்தையின் பெயர் ஓலோஃப். ஊரில் அவரை அழைத்திருக்கக்கூடிய பழைய முறை இந்த இரண்டு சொற்களோடு நிறைவடைந்துவிடும். மூன்றாவதாக நிற்கும் நொபேலியஸ் மட்டுமே புதியது: நொப்பெலொவ் என்ற ஊர்ப்பெயரில் இருந்த ஸ்காண்டிநேவிய உயிரெழுத்துகளின் புள்ளிகள் கழன்று, இரட்டித்த மெய் ஒற்றையாகி, ‘லொவ்’ இருந்த இடத்தில் ‘லியஸ்’ வந்து அமர்ந்த வடிவம் அது. லத்தீனில் புகழ்பெற்றவன், உயர்ந்தவன் என்று பொருள்படும் நொபிலிஸ் என்ற சொல் அதனோடு ஒலிப்பதை லத்தீன் படித்த மாணவர்கள் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள் என்பது என் கருத்து. ஆனால் அந்தச் சொல் பெயரின் மூலம் ஆகாது, ஊர்ப்பெயரே மூலம்.

இந்த லத்தீன் வடிவம் இன்னொரு தடயத்தையும் விட்டுச் சென்றிருக்கிறது. நொபேலியஸ் என்ற சொல்லை லத்தீன் முறைப்படி உச்சரிக்கும்போது அழுத்தம் ‘பே’ என்ற இரண்டாம் அசையின் மேல் விழும். பின்னாளில் ‘இயஸ்’ உதிர்ந்தபோதும் அழுத்தம் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது. ஸ்வீடன் மக்கள் இன்றும் முதல் அசையை மெலிதாக விட்டு இரண்டாம் அசையை அழுத்தி, ஏறக்குறைய ‘நொபெல்’ என்று உச்சரிக்கிறார்கள். ஆங்கிலத்தின் உயர்குடிச் சொல்லில் அழுத்தம் முதல் அசையில் விழுகிறது. இரு சொற்களும் வேறு வேறு என்பதை எழுத்து மறைத்தாலும் ஒலி வெளிப்படுத்திவிடுகிறது. தமிழில் நாம் முதல் அசையை நெடிலாக்கி ‘நோபல்’ என்று எழுதிப் பழகியதில் ஆங்கில ஒலிப்பின் சாயலே படிந்திருக்கிறது. அது நிலைபெற்றுவிட்ட வழக்கு என்பதால் இந்தக் கட்டுரையும் அதையே பின்பற்றுகிறது.

பெட்ருஸ் சட்டம் பயின்று உப்லாந்து பகுதியில் வட்டார நீதிபதியானார். அவர் 1696இல் மணந்துகொண்டது வென்டெலா ருட்பெக் என்ற பெண்ணை. அவருடைய தந்தை மூத்த ஓலோஃப் ருட்பெக், உடலின் நிணநீர்க் குழாய்களை ஆராய்ந்து புகழ்பெற்றவர். உப்சாலா பல்கலைக்கழகத்தின் மிகச் செல்வாக்கான பேராசிரியர்களில் ஒருவர். மறைந்த அட்லாண்டிஸ் ஸ்வீடன்தான் என்று நிறுவப் பெரும் நூல் தொகுதிகள் எழுதியவரும் அவரே. உழவர் மகன் ஒருவன் இத்தகைய குடும்பத்தில் பெண் எடுக்க முடிந்ததற்கு அவனுடைய கல்வியும் பதவியுமே காரணமாக இருந்திருக்க வேண்டும்; நொபேலியஸ் என்ற பெயர் அந்தக் கல்வியின் அறிவிப்புப் பலகை. ருட்பெக் குடும்பத்திலேயே ஒரு முன்மாதிரி இருந்ததையும் குறிப்பிட வேண்டும்: பேராசிரியரின் தந்தை, வெஸ்தெரோஸ் நகரின் ஆயர், ருட்பெக்கியஸ் என்று எழுதியவர். மகன் விகுதியை நீக்கி ருட்பெக் ஆனார். நொபேலியஸ் குடும்பம் அதே வெட்டைச் செய்ய இன்னும் இரண்டு தலைமுறை எடுத்துக்கொண்டது.

பாட்டன் பெயரும் பேரனும்

பெட்ருஸ் 1707இல் இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டில் பிறந்த அவருடைய மகனின் முழுப்பெயர் ஓலோஃப் பெர்சன் நொபேலியஸ். பெர்சன் என்றால் பெர் அல்லது பெட்ருஸின் மகன். குடும்பப்பெயர் வந்துவிட்ட பிறகும் தந்தைப் பெயரை விட்டுவிட மனமில்லாத இடைக்காலத்தின் பெயர் இது. பழைய முறையும் புதிய முறையும் ஒரே ஆளின் பெயரில் அருகருகே நிற்கின்றன. ஓலோஃப் என்ற பெயரோ தந்தை வழிப் பாட்டனுக்கும் தாய் வழிப் பாட்டனுக்கும் ஒருங்கே உரியது. உழவர் ஓலோஃபும் பேராசிரியர் ஓலோஃப் ருட்பெக்கும் ஒரே குழந்தையின் பெயரில் சந்தித்துக்கொண்டார்கள்.

பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பதால் பேரன் ஆனவனைப் பற்றித் தமிழ் வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை. ஆயினும் நோபல் பரிசின் பட்டியலிலேயே இதற்கு இணையான ஒரு சங்கிலி இருப்பதைச் சுட்டிக்காட்டாமல் கடக்க முடியவில்லை. 1930இல் இயற்பியல் பரிசு பெற்ற சி. வி. ராமனின் தந்தை சந்திரசேகர ஐயர்; ராமனின் அண்ணன் சுப்பிரமணிய ஐயர்; அந்தச் சுப்பிரமணிய ஐயரின் மகனுக்குப் பாட்டன் பெயர் வைக்கப்பட்டது. அவரே 1983இல் அதே இயற்பியல் பரிசைப் பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். 2009இல் வேதியியல் பரிசு பெற்ற, சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனிடம் தந்தையின் பெயரே குடும்பப்பெயரின் இடத்தில் உறைந்துவிட்டது. ஆண்டர்சனுக்கும் யோஹான்சனுக்கும் நேர்ந்ததும் இதுவே. கடவுச்சீட்டின் ‘குடும்பப்பெயர்’ கட்டத்தில் எதை எழுதுவது என்று இன்றும் திகைக்கும் தமிழர், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்வீடன் உழவரின் சிக்கலை எளிதில் புரிந்துகொள்வார்.

ஓலோஃப் நொபேலியஸ் நுண்ணோவியக் கலைஞராகவும் உப்சாலா பல்கலைக்கழகத்தின் ஓவிய ஆசிரியராகவும் பணியாற்றி 1760இல் இறந்தார். அவர் தந்தையை இழந்தபோது கைக்குழந்தை; அவருடைய மகன் இம்மானுவெல் 1757இல் பிறந்து, தந்தையை இழந்தபோது மூன்று வயதுச் சிறுவன். இரண்டு தலைமுறைகளிலும் தந்தை விட்டுச்சென்ற செல்வம் என்று சொல்லத்தக்கது பெரிதாக ஏதுமில்லை. பெயர் மட்டும் கைமாறியது.

படையில் உதிர்ந்த விகுதி

இம்மானுவெல் நொபேலியஸ் மருத்துவம் கற்று, படையில் அறுவை மருத்துவராகப் பணி செய்தவர். அந்தக் காலத்தில்தான் அவர் பெயரை ‘நோபல்’ என்று சுருக்கிக்கொண்டார். அந்தச் சுருக்கம் படையில் நிகழ்ந்ததைத் தற்செயலாகக் கருத முடியாது.

மன்னர் பதினொன்றாம் கார்ல் 1682 முதல் வகுத்த படை ஒதுக்கீட்டு முறையின்படி, சில பண்ணைகள் ஒன்றுசேர்ந்து ஒரு வீரனுக்குச் சிறு வீடும் நிலமும் கொடுத்துப் பராமரிக்க வேண்டும். ஒரு படைப்பிரிவில் ஆண்டர்சன்களும் நில்சன்களும் ஏராளமாக இருந்ததால் ‘ஆண்டர்ஸ் ஆண்டர்சன்’ என்று அதிகாரி கூப்பிட்டால் பலர் ஒரே நேரத்தில் முன்னே வர நேரிடும். எனவே, படையில் சேரும்போதே வீரனுக்கு ஒரு தனிப்பெயர் சூட்டப்பட்டது. அது பெரும்பாலும் ஓரசை அல்லது ஈரசைச் சொல்லாக இருக்கும்: சுறுசுறுப்பானவன் என்ற பொருளில் ராஸ்க், துணிந்தவன் என்ற பொருளில் மூடிக், கேடயம் என்ற பொருளில் ஷோல்ட், வாள் என்ற பொருளில் ஸ்வேர்ட். இந்தப் பெயர் பல நேரங்களில் ஆளைவிட வீட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு வீரன் விலகி அல்லது இறந்து, அடுத்தவன் அந்தச் சிறுவீட்டுக்கு வந்தால், முன்னவனின் பெயரும் அவனுக்கு வந்துசேரும். இன்று ஸ்வீடனில் ஒரே படைப்பெயரைத் தாங்கும் இரு குடும்பங்களுக்கிடையே இரத்த உறவு துளியும் இல்லாமலிருக்கலாம் என்பதற்கு இந்த வழக்கமே காரணம்.

இம்மானுவெல் மருத்துவர் என்பதால் சாதாரண வீரனைப் போல அவருக்குப் பெயர் சூட்டப்படவில்லை. இருந்த பெயரையே குறைத்துக்கொண்டார். ஆனால் குறுகிய, கூப்பிட எளிதான, விகுதியற்ற பெயர்களே புழங்கிய சூழலில் அந்த முடிவு இயல்பானது. அதே காலத்தில் உயர் வட்டாரங்களில் பிரெஞ்சு மோகம் தலைதூக்கி, லத்தீன் விகுதிகள் பழங்காலப் பாதிரியார்த் தனமாகத் தோன்றத் தொடங்கியிருந்தன. கார்ல் லின்னேயஸே பிரபுப் பட்டம் பெற்றபின் ‘ஃபான் லின்னே’ ஆகிவிட்டார். பதினேழாம் நூற்றாண்டில் கல்வியின் அடையாளமாக மதிக்கப்பட்ட ‘இயஸ்’, பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவில் பழைய நாகரிகம் ஆகிவிட்டது.

நொபேலியஸ் என்ற முழுவடிவம் மறைந்துவிடவில்லை. பின்லாந்தின் டாம்பெரே நகரில் 1851இல் பிறந்து ஆஸ்திரேலியாவுக்குப் புலம்பெயர்ந்த கார்ல் ஆக்சல் நொபேலியஸ், விக்டோரியா மாநிலத்தில் பழமரக் கன்றுகளின் பெருந்தோட்டம் அமைத்தவர். எமரால்டு என்ற ஊரில் உள்ள பூங்கா இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ரஷ்யாவில் மீண்ட தந்தைப் பெயர்

மருத்துவர் இம்மானுவெல் பின்னர் யெவ்லே நகரில் குடியேறினார். அங்கே 1801இல் பிறந்த மகனுக்கும் இம்மானுவெல் என்றே பெயர். கட்டட வல்லுநரும் கண்டுபிடிப்பாளருமான இந்த இளைய இம்மானுவெல், 1833இல் கடனில் மூழ்கித் திவாலானார். அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று ஸ்டாக்ஹோமில் அவருடைய மகன் ஆல்பிரட் பிறந்தான். கடன்காரர்களின் நெருக்கடியால் தந்தை 1837இல் பின்லாந்துக்கும், அங்கிருந்து அடுத்த ஆண்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கும் சென்றார். அவருடைய மனைவி ஆண்ட்ரியெட்டா ஆல்செலும் பிள்ளைகளும் 1842இல் அவரோடு சேர்ந்துகொண்டார்கள்.

ரஷ்யாவில் ஒருவரை மரியாதையோடு அழைக்க வேண்டுமானால் அவர் பெயரோடு தந்தையின் பெயரையும் சேர்த்தே அழைக்க வேண்டும். ஸ்வீடன் குடும்பம் மூன்று தலைமுறைகளாகக் கைவிட்டுக்கொண்டே வந்த தந்தைப் பெயர் இதனால் வேறொரு மொழியின் வழியாகத் திரும்பி வந்தது. ஆல்பிரடின் அண்ணன் லுத்விக், ரஷ்ய ஆவணங்களில் லுத்விக் இம்மானுயிலொவிச் நோபல் ஆனார். கிரிமியப் போருக்குப்பின் அரசு ஆணைகள் நின்றுபோய்த் தந்தை மீண்டும் நொடித்து 1859இல் ஸ்வீடனுக்குத் திரும்பியபோது, ரஷ்யாவிலேயே தங்கித் தொழிலை எடுத்து நிறுத்தியவர் இவர்தான். காஸ்பியன் கடற்கரையின் பாகு நகரில் எண்ணெய்த் தொழிலுக்காக 1879இல் நோபல் சகோதரர்கள் பதிவு செய்த நிறுவனம், ‘சகோதரர்கள்’ என்ற ரஷ்யச் சொல்லையும் குடும்பப்பெயரையும் ஒட்டிப் ‘பிரநோபல்’ என்று சுருக்கமாக அழைக்கப்பட்டது. பரிசு தொடங்கப்படும் முன்பு காஸ்பியன் வட்டாரத்தில் நோபல் என்றால் மண்ணெண்ணெய் என்றே பொருள். நிறுவனத்தின் சொத்துகள் 1920இல் பாகு சோவியத் ஆட்சியின் கைக்குப் போனபோது பறிமுதலாயின.

பெட்டியில் பொறித்த பெயர்

ஆல்பிரட் நோபலின் பங்கு வேறுவகை. குடும்பப்பெயரை ஒரு வணிகக் குறியாக மாற்றியவர் அவர். ஸ்டாக்ஹோமின் ஹெலெனெபோரி பகுதியில் 1864 செப்டம்பர் 3 அன்று நைட்ரோகிளிசரின் என்ற வெடி எண்ணெய் வெடித்து, இளைய சகோதரர் எமில் உட்படப் பலர் இறந்தபின், அந்த எண்ணெயைக் கண்டாலே மக்கள் அஞ்சினார்கள். கீசல்கர் என்ற நுண்மண்ணில் அதை ஊறவைத்துப் பாதுகாப்பாகக் கையாளும் வழியைக் கண்டறிந்து 1867இல் காப்புரிமை பெற்ற ஆல்பிரட், அந்தப் பொருளுக்கு டைனமைட் என்றும் ‘நோபலின் பாதுகாப்பு வெடிமருந்து’ என்றும் இரட்டைப் பெயர் வைத்தார். அச்சம் தரும் ஒரு பொருளுக்கு உற்பத்தியாளரின் பெயரே உறுதிமொழி ஆகிறது. பெயர் அந்த வேலையைச் சரியாகவே செய்தது. ஜெர்மனியில் டைனமிட் நோபல், பிரிட்டனில் நோபல்ஸ் எக்ஸ்புளோசிவ்ஸ் என்று நிறுவனங்கள் பெருகின. பிரிட்டன் கிளையின் தொடர்ச்சி 1926இல் ஐ.சி.ஐ. என்ற வேதிப்பொருள் நிறுவனம் உருவானபோது அதில் கலந்தது. ஸ்வீடனின் நோபல் இண்டஸ்ட்ரீஸ் 1994இல் டச்சு நிறுவனமான ஆக்சோவுடன் இணைந்து ஆக்சோநோபல் ஆனது. இன்று வண்ணப்பூச்சு டப்பாக்களில் காணப்படும் அந்தப் பெயரின் வேர் இதுவே.

ஆல்பிரடுக்குத் திருமணமும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. அவருடைய வழியில் குடும்பப்பெயர் தொடர வாய்ப்பே கிடையாது. இன்றைய நோபல் குடும்பத்தவர் அவருடைய சகோதரர்களின், முக்கியமாக லுத்விக்கின், வழிவந்தவர்கள். பாரிஸில் 1895 நவம்பர் 27 அன்று அவர் கையெழுத்திட்ட உயிலில் பரிசுகளைப் பற்றிய விவரம் இருக்கிறது. அவற்றுக்குத் தம் பெயரை வைக்கவேண்டும் என்று ஒரு சொல்லும் இல்லை. உறவினர்களில் சிலர் உயிலை எதிர்த்தார்கள். லுத்விக்கின் மகன் எம்மானுவெல், தமக்கு இழப்பு என்று தெரிந்தும் அதன் பக்கம் நின்றதால் வழக்கு தணிந்தது. 1900இல் விதிமுறைகளோடு உருவான நோபல் அறக்கட்டளைதான் பெயரை நிறுவனமாக்கியது. ஆக, இந்தப் பெயரின் மிகப்பெரிய மாற்றம், அதைத் தாங்கியவர் இறந்தபின், அவர் கேட்காமலே நிகழ்ந்தது.

வேதியியலாளர்கள் 102ஆம் தனிமத்துக்கு நொபீலியம் என்று பெயரிட்டபோது பெயர் மறுபடியும் ஒரு லத்தீன் விகுதியைப் பெற்றது. ஸ்டாக்ஹோமின் நோபல் நிறுவனத்தில் பணியாற்றிய குழுவினர் அந்தத் தனிமத்தை உருவாக்கிவிட்டதாக 1957இல் அறிவித்துப் பெயரிட்டார்கள். அறிவிப்பு நிலைக்கவில்லை, பெயர் நிலைத்தது. பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் 1997இல் அதை உறுதி செய்தது.

சட்டத்தின் கையில்

முதல் நோபல் பரிசுகள் வழங்கப்பட்ட 1901ஆம் ஆண்டிலேயே, குடும்பப்பெயர்களை ஏற்பது குறித்த முதல் அரசாணையும் ஸ்வீடனில் வெளிவந்தது. அதுவரை யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் சூடிக்கொள்ளலாம் என்ற நிலை இருந்தது. பெட்ருஸ் யாரிடமும் அனுமதி கேட்டுப் பெயர் வைத்துக்கொள்ளவில்லை, மருத்துவர் இம்மானுவெலும் விண்ணப்பம் போட்டுப் பெயரைச் சுருக்கவில்லை. ஆணை வந்தபின் புதுப்பெயருக்கு விண்ணப்பம் தேவைப்பட்டது. பிறருடைய குடும்பப்பெயரை எடுத்துக்கொள்வது தடைபட்டது. 1920ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் மனைவி கணவரின் பெயரை ஏற்கவேண்டும் என்று வகுத்தது. வென்டெலா ருட்பெக் இறுதிவரை ருட்பெக்காகவே இருந்த நாட்டில், இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு பெண்களின் பெயருரிமை சுருங்கியது விந்தையான பின்னடைவு. 1963ஆம் ஆண்டுச் சட்டமும் 1982ஆம் ஆண்டுச் சட்டமும் படிப்படியாக அதைத் திருத்தின.

பெயருக்கான பூசல் பரிசின் பக்கமும் எழுந்தது. ஸ்வீடனின் மத்திய வங்கி 1968இல் ஏற்படுத்திய பொருளியல் பரிசு, உயிலில் குறிக்கப்படாதது. அதன் முழுப்பெயர் ‘ஆல்பிரட் நோபல் நினைவாக ஸ்வீடன் மத்திய வங்கி வழங்கும் பொருளியல் அறிவியல் பரிசு’ என்பதாகும். நாளிதழ்கள் அதை நோபல் பரிசு என்றே சுருக்குகின்றன. தங்கள் குடும்பப்பெயர் இவ்வாறு எடுத்தாளப்படுவதைக் குடும்பத்தவர் சிலர் வெளிப்படையாகவே எதிர்த்து வந்திருக்கிறார்கள். அவர்களுடைய வாதத்தில் நியாயம் இருப்பதாகவே நான் கருதுகிறேன். வங்கியின் பரிசுக்கு வங்கியின் பெயரே போதுமானதாக இருந்திருக்கும்.

2017 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பெயர்ச் சட்டத்தின்படி, ஸ்வீடனில் பெயர் மாற்ற விண்ணப்பங்களை வரித்துறை கவனிக்கிறது. ஆயிரக்கணக்கானோர் தாங்கும் ஆண்டர்சன் போன்ற பரவலான பெயரை விரும்புகிற எவரும் விண்ணப்பித்து ஏற்கலாம். நோபல் போன்ற அரிய பெயர்களுக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. பிறப்பாலோ திருமணத்தாலோ உறவில்லாத ஒருவர் அதைக் கேட்டால் கிடைக்காது. கிழக்கு நொப்பெலொவிலிருந்து இன்று ஒரு மாணவர் உப்சாலாவுக்குப் போய்த் தம் ஊர்ப்பெயரிலிருந்து அதே பெயரை மறுபடியும் உருவாக்க விரும்பினாலும், விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படும்.